பிரம்பைக் கீழே வைத்தேன், வகுப்பு கைமீறிப் போய்விட்டது

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு கணக்கு ஆசிரியை, ஆலோசகரான எனக்கு எழுதியிருக்கிறார். வயது 29. அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. வகுப்பில் 46 பிள்ளைகள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பி.எட். படித்த நாட்களில் மனிதநேயக் கல்வி பற்றிய பாடம் அவர் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. கார்ல் ராஜர்ஸ், ஆபிரகாம் மாஸ்லோ என்று அதன் பின்னணியில் உள்ள உளவியலாளர்களைத் தேடித் தேடிப் படித்திருக்கிறார். ‘நான் அடி வாங்கித்தான் படித்தேன். என் பிள்ளைகளாவது அப்படிப் படிக்க வேண்டாம்’ என்று முடிவெடுத்து, ஜூன் மாதம் முதல் நாளே வகுப்பில் அறிவித்துவிட்டார்: அடி கிடையாது, திட்டு கிடையாது, நான் உங்களுக்கு ஒரு ஃபிரெண்ட் மாதிரி.

முதல் மாதம் நன்றாகத்தான் போயிருக்கிறது. காலாண்டுத் தேர்வு வருவதற்குள் சத்தம் கூடிவிட்டது, வீட்டுப்பாடம் எழுதி வருகிறவர்கள் பாதிக்கும் கீழே. கடைசி பெஞ்சில் ஒரு பையன் தினமும் தூங்குகிறான். ‘அவன் சுதந்திரத்தில் தலையிட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.’ ஒருநாள் ஒரு மாணவியே சொல்லிவிட்டாள்: ‘நீங்க ஒண்ணும் பண்ண மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும் டீச்சர்.’ அரையாண்டில் கணக்கில் 17 பேர் தோல்வி. தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, ‘பக்கத்து செக்‌ஷன்ல அஞ்சு பேர்தான் ஃபெயில். உங்க சைக்காலஜியெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்குச் சரிப்பட்டு வராதும்மா’ என்றிருக்கிறார். பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா, ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர், நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்’ என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம், இவர் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து விசில் சத்தம். திரும்பிய வேகத்தில் ஒரு பையனை எழுப்பி, ஸ்கேலால் கையில் நான்கு அடி. விசிலடித்தது அவன்தானா என்பதே இப்போது இவருக்கு உறுதியில்லை. அன்றிலிருந்து அவன் இவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

அவர் கேட்பது மூன்று கேள்விகள். இந்த அணுகுமுறையெல்லாம் வகுப்புக்கு 20 பேர் இருக்கும் வசதியான பள்ளிகளுக்கு மட்டும்தானா? பேசாமல் கண்டிப்புக்குத் திரும்பிவிடலாமா? இல்லை, பிஎச்.டி. முடித்துக் கல்லூரிக்குப் போய்விடலாமா, அங்கே வளர்ந்த பிள்ளைகள், இந்தத் தொல்லை இருக்காதே?

அன்புள்ள டீச்சர்,

நான்கு பக்கக் கடிதத்தில் அடி வாங்கிய பையனுக்கு நான்கே வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆனால் அந்த நான்கு வரியில்தான் உங்கள் கையெழுத்து மாறியிருக்கிறது. எழுத்து சின்னதாகி, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறீர்கள். ‘முறை தோற்றுவிட்டது’ என்று நீங்கள் எழுதியிருந்தாலும் உங்களை உண்மையில் அரிப்பது அதுதான் என்று நினைக்கிறேன். அதனால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அவன்.

அவனிடம் என்ன சொல்வது

மன்னிப்புக் கேளுங்கள். ‘நானும் மனுஷிதானே, கோபம் வராதா’ என்று ஆரம்பித்தால் அது மன்னிப்பு ஆகாது, அவனிடமே ஆறுதல் கேட்பது போல ஆகிவிடும். முதலில் தனியாகக் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: ‘அன்னிக்கு உன்னை அடிச்சது தப்பு. விசாரிக்காம அடிச்சது அதைவிடத் தப்பு. வகுப்புக்கு முன்னால அடிச்சேன், அதனால வகுப்புக்கு முன்னாலயே சொல்லணும்னு நினைக்கிறேன். உனக்குச் சம்மதமா?’ சில பிள்ளைகளுக்கு மறுபடி எல்லோர் முன்னாலும் பேசப்படுவதே கூச்சமாக இருக்கும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உடனே சிரிப்பான், பேசுவான் என்று எதிர்பார்க்காதீர்கள். ‘சரி டீச்சர்’ என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாலும் போதும்.

மரியாதை போய்விடும் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள். ஆலோசகராக வருவதற்கு முன் நானும் ஆறு வருடம் பள்ளியில் பாடம் எடுத்தவள். வீட்டுப்பாடம் முடிக்காத ஒரு சிறுமியின் நோட்டை ஒருநாள் வாசலுக்கு வெளியே வீசினேன். அவள் போய் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நானும் பாடத்தைத் தொடர்ந்தேன். பல வருடம் கழித்து ஒரு பஸ் ஸ்டாண்டில் என்னை அடையாளம் கண்டு ஓடி வந்து பேசினாள். கையில் குழந்தை. பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: ‘அன்னிக்கு வெளியே மழை டீச்சர். நோட்டு நனைஞ்சுபோச்சு. அம்மா வேற நோட்டு வாங்கித் தர ஒரு வாரம் ஆச்சு, அதுவரைக்கும் ராஃப் நோட்டுல எழுதினேன்.’ குறையாகச் சொல்லவில்லை, ஒரு ஞாபகமாகத்தான் சொன்னாள். மழை பெய்தது எனக்கு நினைவே இல்லை. அன்று மாலையே அவளிடம் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். உங்களுக்கு இன்னும் அந்த வாய்ப்பு இருக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைத் தொடவே இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடலை வருத்தும் தண்டனை, மனரீதியான துன்புறுத்தல் இரண்டையும் தடை செய்கிறது. மீறுகிற ஆசிரியர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம். அந்தச் சட்டம் 6 முதல் 14 வயதுவரைதான், எனவே ஒன்பதாம் வகுப்புக்குப் பொருந்தாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், 18 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கித் தேவையில்லாத துன்பம் கொடுத்தால் 3 ஆண்டுவரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது அதன் 75-ஆவது பிரிவு. நான்கு ஸ்கேல் அடி நேராக அங்கே போய் நிற்கும் என்று உங்களைப் பயமுறுத்தவில்லை. ஆனால் ‘நான் கேட்க மாட்டேன்’ என்று அந்த அப்பா வாய்வழியாகத் தந்த அனுமதி எந்தச் சட்டத்திலும் செல்லாது. கை வீங்கினால் காவல் நிலையத்தில் முதலில் நிற்பவரும் அவராகத்தான் இருப்பார். உடல் தண்டனையை ஒழிப்பதற்காகத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வழிகாட்டுதல்களைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தும்படி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே நடந்ததை மறைக்க வேண்டாம். பையனின் வீட்டுக்கும் தலைமை ஆசிரியருக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். அடுத்தவர் வாயால் போய்ச் சேர்வதைவிட அது நல்லது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிட்டது. பிரம்புக்குத் திரும்புவது நீங்கள் தேர்ந்தெடுக்கக்கூடிய ஒரு வழியே இல்லை. ஆனால் கண்டிப்புக்குத் திரும்பலாம், திரும்பத்தான் வேண்டும். நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் ஜூன் மாதத்தில் நடந்த தவறு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏற்பது வேறு, விட்டுவிடுவது வேறு

ராஜர்ஸ் அடிப்படையில் ஒரு மனநல ஆலோசகர். தன்னிடம் வந்தவர்கள் எப்போது மாறுகிறார்கள் என்று கவனித்து, அதற்கு உதவுகிறவரிடம் மூன்று குணங்கள் வேண்டும் என்றார். அதையே பின்னால் வகுப்பறைக்கும் கொண்டுவந்தார். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாத நேர்மை. எதிரே இருப்பவரை நிபந்தனை போடாமல் மதிப்பது. அவர் நிலையில் நின்று பார்ப்பது. இந்த மூன்றில் ‘எதையும் கேட்காமல் இருப்பது’ என்று ஒன்று இல்லவே இல்லை.

உங்கள் கடிதத்தை இந்த மூன்றோடு வைத்துப் பாருங்கள். சத்தம் கூடக் கூட உங்களுக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே இருந்தது, ஆனால் முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டீர்கள். முதல் குணம் அங்கேயே போய்விட்டது. ஐந்து மாதம் அடக்கி வைத்த கோபம்தான் ஒரு விசிலுக்கு வெடித்தது, யார் விசிலடித்தார் என்று பார்க்கக்கூட நிதானம் இல்லாமல். அந்த மாணவி சொன்ன வார்த்தையை நீங்கள் அவமதிப்பாக எடுத்துக்கொண்டீர்கள். நான் அதை ஒரு புகாராகப் படிக்கிறேன். ‘இந்த வகுப்பில் என்ன நடந்தாலும் கேட்க ஆள் இல்லை, எனக்குப் படிக்க முடியவில்லை’ என்றுதான் அவள் சொல்ல வந்திருக்க வேண்டும். சத்தத்தில் முதலில் அடிபடுவது அமைதியாக இருக்கும் பிள்ளைதான்.

அப்புறம் அந்தத் தூங்கும் பையன். அவன் தூங்குவதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஏன் தூங்குகிறான் என்று ஓரிடத்திலும் இல்லை. கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். டீச்சர், அவனை எழுப்பாமல் விட்டதை மதிப்பு என்று நினைத்துவிட்டீர்கள். அவன் பக்கமிருந்து பார்த்தால், நான் தூங்கினாலும் விழித்திருந்தாலும் இவருக்கு ஒன்றுதான் என்றுதான் தெரியும். என்னிடம் அழைத்து வரப்பட்ட பிள்ளைகளில் வகுப்பில் தூங்கியவர்கள் பலர். ஒருவன் விடியற்காலை நான்கு மணிக்குப் பால் பாக்கெட் போடப் போகிறவன். ஒரு பெண், இரவில் அப்பா குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டும் வரை தூங்காமல் தம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். இன்னொருவன் வெறுமனே போனில் கேம் விளையாடுகிறவன். மூன்று பேருக்கும் வேண்டியது வேறு வேறு. கேட்டால்தான் எது என்று தெரியும்.

மாஸ்லோவை டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்காக நாம் எல்லோரும் மனிதத் தேவைகளின் முக்கோணப் படிநிலையாக மனப்பாடம் செய்திருக்கிறோம். 1943-இல் அவர் எழுதிய கட்டுரையில் அந்த முக்கோணப் படமே கிடையாது. அவர் சொன்னது, பசியிலும் பயத்திலும் இருக்கிறவனுக்கு வேறு எதிலும் மனம் போகாது என்ற எளிய சங்கதிதான். நம் மாநிலத்தில் மதிய உணவு பத்தாம் வகுப்புவரை உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் வெறும் வயிற்றோடு முதல் பீரியடில் உட்கார்ந்திருக்கிறார்கள்? கணக்குப் பாடம் பெரும்பாலும் காலையில்தானே வைக்கிறார்கள். ஒருநாள் வருகைப் பதிவு எடுக்கும்போது சாதாரணமாக ‘காலையில என்ன சாப்பிட்டே’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லாமல் சிரிக்கிறவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

46 பேரில் இது முடியுமா?

முடியும், ஆனால் நீங்கள் தொடங்கிய விதத்தில் முடியாது. வசதியான பள்ளிகளுக்கு மட்டும் என்ற எண்ணம் சரியல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவில் உள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான, பாடங்களை அட்டைகளாகப் பிரித்துக் கற்கும் முறையை அங்கே கொண்டுவந்தார்கள். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாய்க்கு வந்தார், சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை வந்தது, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டையைத் தாண்டிப் போனது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. குறைகளும் இருந்தன, அது பெரிய கதை. ஆனால் அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். ஒன்றைக் கவனியுங்கள், அங்கே சுதந்திரம் இருந்தது, கூடவே மிகக் கறாரான ஒழுங்கும் இருந்தது. எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை, யார் எந்தக் குழுவில் என்பதில் ஒரு குழப்பமும் கிடையாது.

உங்கள் வகுப்புக்கு நான் சொல்லக்கூடியவை சில.

விதிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து போடுங்கள். ஒரு பீரியடை அதற்கே கொடுங்கள். ‘இந்த வகுப்பில் உங்களுக்குப் படிக்க முடியாமல் செய்வது எது?’ என்று ஆளுக்கு ஒரு துண்டுத் தாளில், பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். சத்தம் என்று எத்தனை பேர் எழுதுவார்கள் என்பதைப் பார்த்து நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். அதிலிருந்து நான்கு விதி போதும். மீறினால் என்ன என்பதையும் அவர்களே சொல்லட்டும், ஆனால் அது தவறோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாதவன் மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதுவது சரி, மைதானத்தைச் சுற்றி ஓடுவது சரியல்ல. சாப்பிட்டு முடித்த பிறகுதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை முடிவானால் எல்லோருக்கும் ஒரே மாதிரி, ஒருநாள் விடாமல். நீங்கள் தளர்ந்தால் திங்கள்கிழமை தளர்ந்தது புதன்கிழமைக்குள் 46 பேருக்கும் தெரிந்துவிடும்.

எரிச்சல் வந்தால் சின்னதாக இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். ராஜர்ஸின் மாணவர் தாமஸ் கார்டன் இதற்கு ஒரு எளிய வழி சொல்லிக்கொடுத்தார். ‘நீ’ என்று ஆரம்பிக்காமல் ‘எனக்கு’ என்று பேசுவது. ‘நீ திருந்தவே மாட்டே’ என்பது பிள்ளையின் மேல் ஒட்டும் முத்திரை. ‘நான் போர்டுல எழுதும்போது பின்னால பேச்சு வந்தா எனக்கு ஸ்டெப் விட்டுப்போகுது, மறுபடி முதல்ல இருந்து போட வேண்டியிருக்கு’ என்பது உண்மை நிலவரம். குரலை உயர்த்தாமல், சிரிக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கு அந்தச் சிரிப்பை விடுவதுதான் கஷ்டமாக இருக்கும்.

ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பேர் என்று, ஆளுக்கு இரண்டு நிமிடம், பாடம் பற்றி இல்லாமல் பேசுங்கள். 23 வேலை நாளில் வகுப்பு முடிந்துவிடும். தூங்கும் பையன் முதல் நாள் பட்டியலில் இருக்கட்டும்.

அந்த 17 பேரும் கணக்கும்

பக்கத்து செக்‌ஷனில் ஐந்து பேர்தான் தோல்வி என்றால், பயம் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம் என்று கேட்கிறீர்கள். பயம் வேலையே செய்யாது என்று சொன்னால் அது பொய். வீட்டுப்பாடத்தை எழுத வைக்கும், காலையில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினாலும். ஃபார்முலாவை ஒப்பிக்க வைக்கும். அதனால் செய்ய முடியாதது, ‘எனக்கு இது புரியல’ என்று ஒரு பிள்ளையைச் சொல்ல வைப்பது. கணக்கில் அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் எதுவும் நகராது.

மைனஸ் 3-இலிருந்து 5-ஐக் கழிக்கச் சொன்னால் பிளஸ் 8 என்று எழுதும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். கோடு போட்டுப் பூஜ்ஜியம் கொடுத்தால் அது ஒரு தப்பு, அவ்வளவுதான். நோட்டைக் கையில் எடுத்து, ‘இது எப்படி வந்துச்சு, நீ போட்ட மாதிரியே எனக்குச் சொல்லிக் காட்டு’ என்று கேளுங்கள். ‘மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ் டீச்சர்’ என்று வரும். அவன் கவனமில்லாமல் எழுதவில்லை. பெருக்கலுக்கான விதியை ஏழாம் வகுப்பில் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்து, அன்றிலிருந்து எங்கே இரண்டு மைனஸைப் பார்த்தாலும் விசுவாசமாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். இரண்டு வருடமாக அதற்கு அடி வாங்கியிருக்கிறான், எதற்கு என்று தெரியாமல். கணக்கு வகுப்பில் மனிதநேயம் என்று நான் சொல்வது இந்த ஒரு கேள்வியைத்தான். அடுத்தவர் நிலையில் இருந்து பார்ப்பது என்று ராஜர்ஸ் சொன்னது இங்கே ‘தப்பான விடைக்குப் பின்னால் இருக்கும் யோசனையைப் பார்ப்பது’ என்று ஆகிறது.

இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்ல வேண்டும். ‘நானாக எதையும் திணிக்காமல், அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன்’ என எழுதியிருக்கிறீர்கள். 1952-இல் ஹார்வர்டில் நடந்த ஒரு மாநாட்டில் ராஜர்ஸ், அடுத்தவருக்குக் கற்பிக்க முடிகிற எதற்கும் பெரிய மதிப்பில்லை என்கிற அளவுக்குப் பேசி, கூடியிருந்த ஆசிரியர்களைக் கொதிக்க வைத்தார். அவர் பாடம் நடத்தியது பெரும்பாலும் பட்டம் படிக்கும் பெரியவர்களுக்கு. பல்லுறுப்புக்கோவையை முதன்முதலாகப் பார்க்கும் 14 வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது. அவனுக்குத் தெளிவாக, படிப்படியாக, போர்டில் போட்டுக் காட்டத்தான் வேண்டும். நன்றாகச் சொல்லிக்கொடுப்பதும் பிள்ளை மேல் வைக்கும் மரியாதைதான். அதை விட்டுவிட்டு உறவை மட்டும் வளர்த்தால், அன்பான டீச்சர், ஆனால் கணக்கு வரவில்லை என்று ஆகும்.

அந்த 17 விடைத்தாளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரப்பி வைத்து, எந்த இடத்தில் விழுகிறார்கள் என்று பிரியுங்கள். பின்னம், குறி, சமன்பாட்டை இடம் மாற்றுவது என்று நான்கைந்து குழுவுக்குள் அடங்கிவிடும். எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் இவர்கள் எடுத்த மதிப்பெண்ணையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலானோர் அப்போதே தடுமாறியவர்களாக இருந்தால், தோல்வி முழுவதையும் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. பக்கத்து செக்‌ஷனோடு ஒப்பிடும் முன்னும் இதைப் பார்க்க வேண்டும்.

தலைமை ஆசிரியரிடமும் வீட்டாரிடமும்

தலைமை ஆசிரியரை எதிரியாக நினைக்க வேண்டாம். மாதாமாதம் முதன்மைக் கல்வி அலுவலரின் ஆய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவரிடம் ராஜர்ஸ் பெயரை எடுக்காதீர்கள். பிரித்து வைத்த அந்த 17 பேர் பட்டியலோடு போங்கள். ‘சார், யார் எதில் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டேன். எனக்கு எட்டு வாரம் கொடுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு சின்னத் தேர்வு வைத்து உங்களிடம் காட்டுகிறேன்’ என்று சொல்லுங்கள். கையில் தாளோடு வரும் ஆசிரியரைத் திருப்பி அனுப்புகிறவர்கள் குறைவு. ஆதாரம் இருக்கிறதா என்று அவர் கேட்டால், ஜெஃப்ரி கார்னேலியஸ்-வைட் 2007-இல் 119 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரையைச் சொல்லலாம். ஆசிரியர் பிள்ளைகளைப் புரிந்து நடத்துகிற வகுப்புகளில் படிப்பும் பங்கேற்பும் மேலாக இருப்பதை அது காட்டியது. ‘அடித்துத்தான் ஆக வேண்டும்’ என்று அவர் வற்புறுத்தினால் மட்டும், சட்டத்தைச் சொல்லிப் பணிவாக மறுத்துவிடுங்கள். அடித்த கைக்கு உரியவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

அந்த அப்பாவின் பேச்சுக்குப் பின்னால் கொடுமை இல்லை. முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்று கேட்டு வளர்ந்தவர். தன் பிள்ளை தன்னைப் போல ஆகிவிடக் கூடாது என்ற பதற்றத்தை அவருக்குத் தெரிந்த ஒரே பாஷையில் சொல்கிறார். ‘அடிக்க மாட்டேன், ஆனா விடவும் மாட்டேன். வாரம் ஒருதடவை நோட்டுல நீங்க கையெழுத்துப் போடணும், எழுதலைன்னா எனக்குச் சொல்லணும்’ என்று அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள்.

நீங்கள் சுமக்கக் கூடாதவை

பிள்ளைகளிடம் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தால் கனமான விஷயங்கள் வரும். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உனக்கு ஆபத்து இல்லைன்னா நமக்குள்ளேயே இருக்கும், ஆபத்துன்னா உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம், தெரிவிக்காமல் இருப்பது குற்றம். வீட்டில் அடி, பட்டினி, குழந்தைத் திருமணப் பேச்சு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம். நீங்களே வீட்டுக்குப் போய்ப் பஞ்சாயத்துப் பேச வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்லவும் வேண்டாம். உங்களுக்கே தூக்கம் போய்விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது இன்னும் இரண்டு வாரம் நீடித்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் பேசுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கல்லூரி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் தாராளமாகப் போங்கள். இந்த வகுப்பிலிருந்து தப்பிக்க என்றால் வேண்டாம். அங்கே முதலாண்டில் உட்கார்ந்திருப்பவர்கள் இதே பிள்ளைகள்தான். பாடம் முடிந்து ‘எனி டவுட்’ என்று கேட்டால் 60 பேர் குனிந்து நோட்டைப் பார்ப்பார்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று கேட்டதற்கு என்ன கிடைத்தது என்பது அவர்களுக்கு மறந்திருக்காது.

இந்த வாரத்துக்கு இரண்டு வேலை மட்டும் போதும். ஸ்கேல் அடி வாங்கிய பையனிடம் பேசுங்கள். தூங்கும் பையனை வகுப்பு முடிந்ததும் நிறுத்தி, ‘ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறே?’ என்று கேளுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று அதை வைத்துப் பேசுவோம்.